திங்கட்கிழமைக்கு மாற மறுத்த விடுமுறை

வணக்கம் நண்பர்களே. இன்று நவம்பர் 11. எனக்குப் பின்னால் பூட்டிக் கிடப்பது எங்கள் ஊர் தபால் நிலையம். அமெரிக்காவில் இன்று வெட்டரன்ஸ் டே, அதாவது முன்னாள் படைவீரர் தினம்.

"ராணுவத்துக்கென்று மே மாதமே ஒரு லீவு விட்டார்களே, இது எதற்கு?" என்று போன வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். மே மாதம் வருவது மெமோரியல் டே. அது போரில் இறந்தவர்களுக்கு. இது படையில் பணியாற்றிய எல்லோருக்கும், முக்கியமாக உயிரோடு இருப்பவர்களுக்கு.

சரி, ஏன் நவம்பர் 11? 1918-இல் இதே நாள் விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு, பிரான்சில் கோம்பியேன் காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டியில் முதல் உலகப் போரை நிறுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் சண்டை ஓய வேண்டிய நேரம் காலை 11 மணி என்று எழுதிவிட்டார்கள். இடையில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! எனக்கு ஆறவே ஆறாத ஆறு மணி நேரம் அது. பால்டிமோரைச் சேர்ந்த ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10:59-க்கு ஜெர்மானியர்களின் இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி ஓடினார். போர் முடியப்போவது அவர்களுக்கும் தெரியும். திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்கள். அவர் நிற்கவில்லை. சுட்டுவிட்டார்கள். ஊருக்கு எழுதிய கடிதத்தில் ராணுவ வாழ்க்கையைக் குறை சொன்னதற்காகப் பதவி இறக்கப்பட்டிருந்தவர் அவர். பறித்த சார்ஜெண்ட் பதவியைச் செத்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டே அதிபர் வில்சன் இதைப் போர்நிறுத்த நாளாக அறிவித்தார். 1938-இல் சட்டப்படி விடுமுறை. பிறகு இரண்டாம் உலகப் போர், கொரியப் போர். அந்த வீரர்களுக்கு எந்த நாள்? கான்சாஸ் மாநிலம் எம்போரியாவில் காலணிக் கடை வைத்திருந்த ஆல்வின் கிங் என்பவருக்கு இதே கேள்வி. 1953-இல் அந்த ஊர் இந்த நாளை எல்லாப் போர்வீரர்களுக்குமாகக் கொண்டாடியது. மறு ஆண்டு அதிபர் ஐசனோவர் கையெழுத்தில் நாடு முழுவதற்கும் அதுவே சட்டம்.

இனிமேல்தான் கூத்து. 1968-இல் இன்னொரு சட்டம்: சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தினால் சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கும், ஜனங்கள் ஊர் சுற்றுவார்கள், வியாபாரம் பெருகும். வெட்டரன்ஸ் டேயையும் தூக்கி அக்டோபர் நாலாவது திங்களில் போட்டார்கள். 1971-இல் அக்டோபர் 25 அன்று முதல் கொண்டாட்டம். அப்பாவின் திதியை ஆபீஸ் லீவுக்குத் தோதாக முந்தின மாதத்துக்கு மாற்றுவோமா? அவர்களும் ஒப்பவில்லை. முன்னாள் வீரர்களின் சங்கங்கள் எதிர்த்தன. பல மாநிலங்கள் பழைய தேதியையே பிடித்துக்கொண்டன. ஒரே நாட்டில் ஒரே விழா இரண்டு மாதங்களில்! கடைசியில் 1975-இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட, 1978 முதல் மறுபடி நவம்பர் 11.

வாஷிங்டன் பிறந்த நாளும் மெமோரியல் டேயும் இன்னும் திங்கட்கிழமையில்தான் கிடக்கின்றன. இது மட்டும் தப்பித்தது. லீவு நாள் என்றாலே இங்கே கடைகள் போடும் மெத்தைத் தள்ளுபடியிலிருந்து தப்பவில்லை என்பது வேறு விஷயம்.

வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்கு இன்று காலை 11 மணிக்கு மலர்வளையம் வைப்பார்கள். தமிழ்நாட்டில் அப்போது இரவு 9:30. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் நேரலையில் பார்த்துவிடலாம்.