இங்கிலீஷில் பிசினஸ் பேசப் போகும் தம்பி தங்கைகளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் காலேஜ் கடைசி வருஷப் பிள்ளைகள், பின்னால் சொந்தமாகச் சின்னதாக ஏதோ ஆரம்பித்தவர்கள் என்று சொன்னார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலீடு கேட்டு ஒரு குழுவின் முன்னால் நிற்கும்போது நம் பிள்ளைகளின் வாயில் இன்னோவேஷன், டிஸ்ரப்ஷன், பேஷன், ஸ்கேலபிள் என்று வரிசையாக வருகிறது. எதிரே இருப்பவர் "சரிப்பா, மாசம் எவ்வளவு விற்குது?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இது எனக்கு மனசு வலிக்கிற காட்சி, ஏனென்றால் அந்தப் பிள்ளையிடம் சரக்கு இருக்கிறது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் பணமோ துணிச்சலோ உழைப்போ கிடக்கிறது. அதோடு சேர்த்துப் படியுங்கள்.

பூட்ஸ்ட்ராப்பிங்கை எடுத்துக்கொள்வோம். பூட்ஸை இழுத்து மாட்ட மேலே ஒரு வார் இருக்குமே, அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற பேச்சிலிருந்து வந்தது. வெளியாள் முதலீடு வாங்காமல் கைக்காசில் தொழில் நடத்துவதை இப்படிச் சொல்கிறார்கள். இதற்கு அமெரிக்காவில் உதாரணம் தேட வேண்டாம். டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் நம்ம மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு கண்ணில் கத்தி பிடித்த மனிதர். குடும்பமே வீட்டை அடகு வைத்து, நகையை அடகு வைத்துக் கூட நின்றது.

லேட் பிளூமர், அதாவது வயசான பிறகு சாதிக்கிறவர், யார் என்று கேட்டால் அவரையே சொல்லுங்கள். ஸ்கேல், அதாவது வேலையைப் பெரிய அளவுக்கு வளர்ப்பது, என்றாலும் அவரேதான். ஒரு ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் அப்படியே திரும்பி உட்கார்ந்து வேலையைத் தொடர்வார். காசு கொடுக்கிறவர்களின் வருமானத்தில்தான் காசு இல்லாதவர்களுக்கும் பார்வை கிடைத்தது. அப்புறம், ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்ததால், 1992-ல் ஆரோலாப் என்று தொடங்கி இங்கேயே செய்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். இவ்வளவும் உள்ளே வைத்துக்கொண்டு ஸ்கேலபிள் என்று சொல்லிப் பாருங்கள், குரலே மாறும்.

ஏஞ்சல் இன்வெஸ்டர் என்பது நியூயார்க் பிராட்வே நாடகக்காரர்கள் பேச்சு. நாடகம் போடப் பணம் தந்த வசதிக்காரரை அப்படிச் சொன்னார்கள், பிற்பாடு தொழிலுக்கு வந்தது. யூனிகார்ன், நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்ட தனியார் ஸ்டார்ட்அப்புக்கு ஐலீன் லீ என்ற முதலீட்டாளர் 2013-ல் வைத்த பெயர். உங்களுக்கு இப்போதைக்கு அதைவிட ரன்வே முக்கியம், அதாவது கையில் இருக்கிற காசு எத்தனை மாதம் தாங்கும் என்பது. கையில் 6 லட்சம் இருக்கிறது, மாதம் 50 ஆயிரம் கையை விட்டுப் போகிறது என்றால் ரன்வே 12 மாதம். அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

கிரியேட்டிவிட்டி பற்றிப் பேசினால் எல்லாரும் திங்க் அவுட்சைட் த பாக்ஸ் என்கிறீர்கள். மூன்று வரிசையில் ஒன்பது புள்ளி வைத்து, பேனாவை எடுக்காமல் நாலே நேர்கோட்டில் எல்லாவற்றையும் தொடும் புதிரோடு சேர்த்துத்தான் இது பரவியது. கோடு புள்ளிச் சதுரத்துக்கு வெளியே போய்த் திரும்பினால்தான் முடியும். இன்றைக்கு ராத்திரி போட்டுப் பாருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போடுகிற வீட்டுப் பிள்ளை இங்கே இருப்பீர்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை, மார்கழிப் பனியில் பூ குறைந்து விலை எகிறும், வரத்து மிஞ்சினால் சென்ட் கம்பெனிக்குப் போகும் என்று உங்களுக்கு அத்துப்படி. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வந்ததும் தெரியும். ஒரு வேலையில் முதல் அனுபவம் பெறுவதை இங்கிலீஷில் கட் யுவர் டீத் என்பார்கள். ஐ கட் மை டீத் இன் த ஃப்ளவர் மார்க்கெட் என்று நீங்கள் ஆரம்பித்தால், அந்தக் குழுவில் ஒருத்தரும் போனைப் பார்க்க மாட்டார்கள். கிராமர் கொஞ்சம் இடறினாலும் பரவாயில்லை, மறித்துக் கேட்கிற கேள்விக்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கும்.

சரி, நான் பேசியது போதும். இப்போது ஒவ்வொருவராக மேடைக்கு வந்து உங்கள் தொழிலை ரெண்டு நிமிஷம் இங்கிலீஷில் சொல்லுங்கள், முதல் வாக்கியத்தில் ஒரு எண் இருக்கட்டும். யார் முதலில் வருகிறீர்கள்?