உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கேப்டன்: கபில் தேவ் இல்லை!

(திரையில்: கடலூர் சில்வர் பீச், மாலை நேரம், டென்னிஸ் பால் மேட்ச்)

வணக்கம் மக்களே! பின்னால் ஓடும் மேட்சைப் பாருங்கள். ஸ்டம்ப் மூன்று குச்சி. அம்பயர் யார்? பேட்டிங் டீமில் அவுட் ஆகி வந்த பையன். அதனால் இங்கே எல்பிடபிள்யூ கிடையாது. ரன் அவுட் கேட்டால், "நான் கவனிக்கலைடா" என்பான்.

இவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வருகிறேன்.

உலகக் கோப்பையில் இந்தியாவை முதலில் வழிநடத்தியவர் நம்ம சென்னைக்காரர், வெங்கட்ராகவன். 1975, 1979 இரண்டிலும் அவரே. ஆறு ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவிடம். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 334. நாம் 60 ஓவரில் 132. கவாஸ்கர் 174 பந்தில் 36 நாட் அவுட்! கேப்டன் பெவிலியனில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு வேர்க்கிறது.

பந்துவீச்சு? ஆஃப் ஸ்பின். 57 டெஸ்ட், 156 விக்கெட். 1965 டெல்லி டெஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராக 12 விக்கெட்; அப்போது வயது 19. சரி, விஷயத்துக்கு வருவோம்.

1979, இங்கிலாந்துக்கு எதிரான ஓவல் டெஸ்ட். கேப்டன் வெங்கட்தான். இலக்கு 438. இதே கவாஸ்கர் இந்த முறை 221 அடித்தார். 429க்கு 8 என்று நின்றபோது நேரம் முடிந்துவிட்டது. ஒன்பது ரன்! ஊர் திரும்பும் விமானத்தில் பைலட் மைக்கில் ஓர் அறிவிப்பு: புதிய கேப்டன் கவாஸ்கர். பதவி போன செய்தி, சீட் பெல்ட் போடச் சொல்கிற அதே மைக்கில்! எனக்கென்னவோ இந்தியக் கிரிக்கெட்டிலேயே மோசமான வழியனுப்பு இதுதான்.

வேறு ஆளாக இருந்தால் கிரிக்கெட் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். இவர் 1983 வரை டெஸ்ட் ஆடினார். அப்புறம் 1993இல் வெள்ளைக் கோட்டோடு அதே மைதானத்துக்குள் வந்தார். அம்பயராக!

இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு. ஆடியது 57 டெஸ்ட், அம்பயராக நின்றது 73. நின்றதுதான் அதிகம்! பத்து ஓவர் நின்றாலே நம்ம பையன் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுவான். இவரோ நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் ஐந்து நாள். கேப்டன் தப்புச் செய்தால் பதினொரு பேரில் பங்கு போட்டுக்கொள்ளலாம். அம்பயர் தப்புக்குப் பங்காளி கிடையாது.

1999 உலகக் கோப்பை அரையிறுதி, எட்ஜ்பாஸ்டன். ஆஸ்திரேலியா 213, தென்னாப்பிரிக்காவும் 213. தென்னாப்பிரிக்காவின் கடைசி ஜோடி: க்ளூஸ்னர் ஓடுகிறார், டொனால்ட் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார், ரன் அவுட், ஆட்டம் டை. அந்தக் களேபரத்தின் நடுவில் நின்ற இரண்டு அம்பயர்கள் டேவிட் ஷெப்பர்டும் வெங்கட்டும். அந்த வீடியோவை மறுபடி பார்த்தால், ஒரு தடவை அம்பயர்களை மட்டும் பாருங்கள்.

2003இல் பத்மஸ்ரீ, 2004இல் ஓய்வு.

உங்கள் தெருவில் அம்பயர் யார், எல்பிடபிள்யூ உண்டா? கமெண்டில் எழுதுங்கள். ஒரு நிமிஷம், பின்னால் ஏதோ சத்தம்...

"அண்ணே, ரன் அவுட்டா இல்லையான்னு உங்க கேமராவுல பாத்துச் சொல்லுங்கண்ணே!"

நான் கவனிக்கலை தம்பி.