சேற்று வாடை அடிக்கும் சூரியன்

வணக்கம். திரையில் இரண்டு சூரியன்கள் இருக்கின்றன, பாருங்கள்.

இடப்பக்கம் இருப்பது 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பானிய வடிவமைப்பாளர் யூசாகு கமெகுரா செய்த சுவரொட்டி. வெள்ளைத் தாளில் பெரிய சிவப்பு வட்டம், அதன் கீழே தங்க நிற வளையங்கள், ஊர்ப்பெயர், ஆண்டு. அவ்வளவுதான். ஒரு கோடு கூட அதிகம் இல்லை.

வலப்பக்கம் இருப்பது அவரைவிட இளையவரான வடிவமைப்பாளர் ததனோரி யோகோ 1965இல் செய்தது. இங்கே சூரியன் தாள் முழுக்கக் கதிர்களை வாரி இறைக்கிறது. நடுவில் ஒருவர் கையில் ரோஜாவோடு தூக்கில் தொங்குகிறார். மேலே ஒரு மூலையில் ஃபூஜி மலை, இன்னொரு மூலையில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த ஷின்கான்சென் அதிவேக ரயில். கீழே ஓவியரின் குழந்தைப் பருவப் புகைப்படம். இருபத்தொன்பது வயதில் உச்சத்தைத் தொட்டுச் செத்துப்போனேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவருக்கு அப்போது வயது 29. டோக்கியோவின் கின்ஸா கடைத்தெருவில் ஒரு பல்பொருள் அங்காடியில் வடிவமைப்பாளர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் வைத்தார். விற்கப் பொருளும் இல்லை, அழைக்க நிகழ்ச்சியும் இல்லை. தன் சாவுக்குத் தானே அடித்துக்கொண்ட நோட்டீஸ்!

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1959இன் கடைசியில் நிப்பான் டிசைன் சென்டர் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் கமெகுராவும் ஒருவர். யோகோ வேலை பார்த்ததும் அங்கேதான். கமெகுராவின் தலைமுறைக்குச் சுத்தமான வடிவம்தான் நாகரிகம். போரில் தோற்ற நாடு உலகத்தின் முன்னால் புதிதாகச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் அல்லவா? பழைய வாசனை எதுவும் வரக் கூடாது. ஜப்பானியர்கள் 'டொரோகுசாய்' என்று சொல்வார்கள். நேர்ப்பொருள் சேற்று வாடை அடிப்பது. நாம் பட்டிக்காட்டுத்தனம் என்கிறோமே, அதேதான்.

யோகோ அந்தச் சேற்றைத்தான் அள்ளிக்கொண்டு வந்தார். அவர் பிறந்தது 1936இல், ஹ்யோகோ மாகாணத்தில் நெசவுக்குப் பேர்போன நிஷிவாகியில். அவரைத் தத்தெடுத்து வளர்த்தவர் கிமோனோத் துணி வியாபாரி. துணிச் சுருள்களில் ஒட்டிவந்த பளபளப்பான லேபிள்கள்தான் அந்தப் பையன் பார்த்து வளர்ந்த ஓவியங்கள். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அந்தக் கதிர்ச் சூரியனும் மேல்தட்டுச் சரக்கு இல்லை. மீன் நிறையக் கிடைத்த படகில் ஏற்றும் கொடியில் அது உண்டு. அதே கதிர்கள்தான் போர்க்கால ஜப்பானிய ராணுவக் கொடியிலும் இருந்தன. 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவில் இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரியும். யோகோ இந்த இரண்டில் எதையும் கழுவிவிடவில்லை. அதனால்தான் படம் அழகாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

கடைச் சரக்கையும் விளம்பரத்தையும் கலையாக்கிய பாப் கலையையும் நாட்டார் மரபையும் கலந்தவர் என்று இவரை அறிமுகம் செய்வது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கலப்பதற்கு இரண்டு பாத்திரம் வேண்டும். 1962இல் அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் சூப் டப்பாவை வரைந்தபோது கடைச் சரக்கைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோனார். ஜப்பானின் பழைய மரக்கட்டை அச்சுப்படங்களான உகியோ-எ படங்களோ பிறக்கும்போதே கடைச் சரக்கு. கபுகி நாடக நடிகர்களையும் அழகிகளையும் அச்சடித்து விற்றார்கள். முதல் போட்டவர் பதிப்பாளர். ஓவியர் கோடு போட்டுக் கொடுத்தார், ஒருவர் மரத்தில் செதுக்கினார், இன்னொருவர் வண்ணம் ஏற்றினார். அங்கே கலக்க இரண்டாவது பாத்திரமே இல்லை.

யோகோவின் வேலைமுறையும் ஏறக்குறைய அதுதான். கறுப்புக் கோட்டில் மட்டும் வரைவார். எந்த இடத்தில் எந்த வண்ணம், எத்தனை சதவீதம் என்று குறித்து அச்சகத்துக்கு அனுப்புவார். வண்ணத்தில் 'மூலப்படம்' என்று ஒன்று கிடையாது. வண்ணம் முதன்முதலாகப் பிறப்பதே அச்சில்தான். வானத்தின் மேல்விளிம்பில் அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே மங்கிக் கரையும் பட்டையைக் கவனியுங்கள். 'பொகாஷி' என்று பெயர். மரக்கட்டை அச்சர்கள் ஈரத்தை வைத்துச் செய்த வித்தை அது.

அப்புறம் நாடகக்காரர்கள் வந்தார்கள். நாடகக்காரர் ஜூரோ காராவின் குழுவுக்கு 1966இல் 'கோஷிமாகி ஓசென்' நாடகத்தின் சுவரொட்டி. மறுஆண்டு அந்தக் குழு டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஹனாஸோனோ கோயில் வளாகத்தில் சிவப்புக் கூடாரம் போட்டு ஆடியது. அதே 1967இல் இன்னொரு நாடகக்காரர் ஷூஜி தெராயாமாவின் குழுவுக்கும் யோகோ வரைந்தார். கோயில் வாசலில் கூடாரம் போட்டு ஆடுகிறவனுக்கு அலங்காரமில்லாத சுவிஸ் பாணி எழுத்துரு எதற்கு?

1972இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் யோகோவுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 1980இல் அதே கட்டடத்தில் பிக்காஸோவின் படங்களைப் பார்த்துவிட்டு, இனி ஓவியம்தான் என்று திரும்பிவிட்டார். சுவரொட்டி ரசிகனான எனக்கு அதில் சின்ன வருத்தம்தான்.

கடைசியாக ஒரு படம். 2000ஆம் ஆண்டு வாக்கில் நிஷிவாகிக்குப் போனவர், சின்ன வயதில் தான் சுற்றித் திரிந்த பொம்மை மாடல் கடையைத் தேடினார். கடை இல்லை. ராத்திரியில் ஃப்ளாஷ் போட்டு அந்த இடத்தைப் புகைப்படம் எடுத்தார். படத்தில் விழுந்தது, தெரு இரண்டாகப் பிரியும் ஒரு முனையும் நடுவில் ஒரு வீடும். அந்த முனையைத்தான் அதன்பிறகு திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார்.