இசைவாணையும் நொய்யலும்

பெரியோர்களே, உழவர்களே, மாணவர்களே, வணக்கம்.

ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆலை வருகிறது என்றால் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'பொல்யூஷன் போர்டு சர்டிபிகேட் வாங்கியாச்சா?' என்பதுதான். 'வாங்கியாச்சு' என்று பதில் வந்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் ஆலையைக் கட்டத் தொடங்கும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஓர் இசைவாணை, அதாவது அனுமதி ஆணை, வாங்க வேண்டும். நாம் 'சர்டிபிகேட்' என்பது இதைத்தான். கட்டி முடித்து ஓட்டுவதற்கு முன் இன்னொன்று. புகைக்கு 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர், அதை எங்கே விட வேண்டும், அதில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்பதெல்லாம் நிபந்தனைகளாக அந்த ஆணையிலேயே இருக்கும். நிபந்தனை மீறப்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரமும் 1988 திருத்தத்துக்குப் பிறகு வாரியத்துக்கு உண்டு.

இவ்வளவும் இருந்தும், பனியன் ஊரான திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு என்ன ஆனது?

பனியனில் அடர்ந்த நிறம் ஏற வேண்டும் என்றால் ஒரு லிட்டர் சாயநீரில் 60, 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை ஓரளவு எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்ற வரம்பு ஏட்டில் இருந்தது. தண்ணீர் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கி நின்றது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய உழவர்கள், திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் நிலைக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டறையும் அந்த 2100ஐ அப்படியே கடைப்பிடித்திருந்தாலும் நொய்யல் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். இசைவாணை பட்டறை பட்டறையாகக் கொடுக்கப்படுகிறது. ஆற்றுக்கோ எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளின் தண்ணீரும் ஒன்றாக வந்து சேர்கிறது. ஆண்டில் பாதி நாள் சொந்த நீரோட்டம் இல்லாத ஆறு அது. மொத்தம் எவ்வளவு உப்பை அது தாங்கும் என்ற கணக்கைப் போட்டுவிட்டு அல்லவா முதல் ஆணையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்?

நொய்யல் ஆயக்கட்டு (பாசனப் பகுதி) உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அப்படியும் நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைத் தொழிலாளிகள் ஒரே நாளில் வேலை இழந்து நின்றார்கள். நிபந்தனையை முதல் நாளிலிருந்தே கறாராகப் பார்த்திருந்தால் அவர்களுக்கு அந்த நிலை வந்திருக்காது. விதியைத் தளர்த்துவது தொழிலுக்குச் செய்யும் உதவி என்று சொல்பவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தண்ணீரைப் பிரித்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து வற்றவைக்கிறார்கள். அதில் ஒரு பங்கு உப்பு திரும்பவும் சாயத்துக்கே போகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தங்கிவிடுகிறது. இது அபாயகரமான கழிவு, இதை வைத்திருக்கத் தனி அங்கீகாரம் வேண்டும். அபாயகரமான கழிவை ஆலை வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016 விதி. லாரியில் ஏற்றினால் ஏழு பிரதிகள் கொண்ட சீட்டு கூடவே போக வேண்டும். ஆகவே உங்கள் ஊர் ஆலையில் குவிந்திருக்கும் மூட்டைகள் எப்போது வந்தவை, எங்கே போகப் போகின்றன என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது? நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, இசைவாணை நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவால் பாதிக்கப்படும் எவரும் அதைப் பார்வையிடலாம். சட்டமே நம் கையில் கொடுத்திருக்கும் உரிமை இது. அப்புறம், மீறல் தெரிந்தால் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, ஒரு குடிமகனே நேராகக் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க 49ஆவது பிரிவு வழிவிடுகிறது.

முதலில் பதிவேட்டைப் பார்க்க மனுக் கொடுங்கள். ஆலையின் பெயர், சர்வே எண், உங்கள் கிணறோ வயலோ எங்கே இருக்கிறது என்ற விவரம், இவை போதும். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். மனு எழுதத் துணை வேண்டும் என்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.