சங்கத்துல பொறுப்புக்கு வர்றீங்களா? கூட்ட முடிவை எழுதுற மினிட் நோட்டைக் கையில எடுங்க

[காட்சி: மேசை மேல மினிட் நோட்டு, ரசீது புக், பாதி குடிச்ச டீ]

வணக்கம். சேலத்துல டாக்டர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், லேப் டெக்னீஷியன் எல்லாரும் சேர்ந்து நடத்துற ஒரு பொது சுகாதாரச் சங்கக் கிளைனு வெச்சுக்குங்க. சந்தா கட்டினவங்க நூறு பேர், வேலை பாக்குறது மூணு பேர். மத்தவங்களுக்கு மனசு இல்லாம இல்ல. "ஏதாவது ஒத்தாசை பண்ணுங்க சார்"னு கேட்டா, எப்ப முடியும்னே தெரியாத வேலையை யார் தலையில போட்டுக்குவா? அளவு சொல்லிக் கேளுங்க: ஒரே ஞாயித்துக்கிழமை, 4 மணி நேரம், 10 குழாய்ல தண்ணி சோதனை.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை]

ஏற்காடு கிராமங்கள்ல குடிதண்ணி குளோரின் பாக்குறதையே எடுத்துக்குவோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும், அதனால அந்த 4 மணி நேரத்துல பயணத்தைச் சேக்காதீங்க. காபி பறிப்பு நேரத்துல பகல்ல வீட்ல ஆள் இருக்காது. தெருக்குழாய்னா காலையில பாக்கலாம், வீட்டுப் பானைத் தண்ணினா சாயங்காலம்தான்.

[காட்சி: குளோரோஸ்கோப், குளோசப்]

தொட்டிக்குப் பக்கத்துக் குழாயை விட்டுட்டு, லைன்ல கடைசிக் குழாய்க்குப் போங்க. கொஞ்ச நேரம் தண்ணியை ஓட விட்டுப் பிடிங்க. குளோரோஸ்கோப்ங்கிற குளோரின் சோதனைப் பெட்டியில அதை ஊத்தி, ஆர்த்தோடொலிடின்ங்கிற சோதனைத் திரவம் விட்டதும் மஞ்சள் நிறம் வரும். அந்த நிறத்தை 10 நொடிக்குள்ள பெட்டியில இருக்குற நிற அளவோட ஒப்பிட்டுப் பாக்கணும். அப்பத் தெரியுறதுதான் கிருமியைக் கொல்ற தனிக் குளோரின். ஊர்க்காரர் கூடப் பேசிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா, தண்ணியில மத்த பொருளோட சேந்துட்ட கூட்டுக் குளோரினும் சேந்து அளவு கூடுதலாக் காட்டும். தன்னார்வலர் கொண்டு வர்ற கணக்கு கெடுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். அதனால படிவத்துல அளவுக்குப் பக்கத்துலயே "எத்தனை நொடியில பாத்தது"னு ஒரு கட்டம் போடுங்க. கடைசிக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். ஆர்த்தோடொலிடின் கையில படக் கூடாது, கையுறை கட்டாயம்.

குறைஞ்சிருந்தா உடனே வாட்ஸ்அப்ல போடணும்னு கை துறுதுறுக்கும். போடாதீங்க. முதல்ல ஊராட்சிக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் சொல்லுங்க. தொட்டியில குளோரின் போட வேண்டியது ஊராட்சிதான். உறுப்பினர்ல பாதிப் பேர் அரசு ஊழியர், குறையை வெளியில போட்டா நடத்தை விதிப்படி அவங்களுக்குச் சிக்கல் வரலாம்.

[காட்சி: கூட்டம்]

அடுத்தது கூட்டம். ஆபீஸ் நாற்காலி வரிசை சங்கத்துக்குள்ளயும் வந்து உக்காந்துக்கும். பெரிய அதிகாரி முதல்ல பேசிட்டா, அவருக்குக் கீழ வேலை பாக்குற செவிலியர் வாயே திறக்க மாட்டாங்க. ஆனா எந்தத் தெருவுல தண்ணி வரலைன்னு தெரிஞ்சது அவங்களுக்குத்தான். தலைவரா உக்காந்தா கடைசி வரிசையில இருந்து கருத்துக் கேளுங்க, உங்க கருத்தைக் கடைசியில சொல்லுங்க. பேச்சுத் திறமையை விட இது முக்கியம்.

மினிட் நோட்டுல "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது"னு எழுதினா அது வெறும் மை. இப்படி எழுதுங்க: "ஏற்காடு ஒன்றியத்தில் 20 குழாய்களில் குளோரின் பார்ப்பது. பொறுப்பு, இணைச் செயலாளர். செலவு 1,500 ரூபாய்க்குள். 15ஆம் தேதிக்குள் அறிக்கை." ஆறு மாசம் இந்த நோட்டை எழுதினவருக்கு, சங்கத்துல எந்த வேலை எங்க நிக்குதுன்னு மனப்பாடமாத் தெரியும். அடுத்த செயலாளரை அந்த நாற்காலியில தேடுங்க.

தேதி விஷயம். சங்கம் 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவாகியிருந்தா, நிர்வாகக் குழுவோட காலம் 3 வருஷத்துக்கு மேல போகக் கூடாது. பொதுக்குழுவை அக்டோபர், நவம்பர்ல வெக்காதீங்க. டெங்கு வேலையில ஆளாளுக்கு ஒரு வார்டுல நிப்பாங்க, கூட்டம் செல்ல வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், சேராது. மார்ச் கணக்கு முடிச்சு, தணிக்கை முடிச்சு, ஜூன், ஜூலைக்குள்ள வெச்சா நல்லது.

[காட்சி: பேங்க் கவுண்ட்டர்]

பொறுப்பு மாறுறப்ப சிக்கல் வர்ற இடம் பேங்க். பழைய பொருளாளர் கையெழுத்தே ஓடிட்டு இருக்கும், அவர் மாற்றலாகித் தூத்துக்குடி போயிருப்பார். செக் நகராது. அதனால தேர்தல் நடந்த அதே கூட்டத்துலயே "கணக்கை இன்னார் இன்னார் இயக்கலாம்"னு தீர்மானம் போட்டு, நகல் எடுத்து, பழையவர், புதியவர் ரெண்டு பேரும் சேந்தே பேங்குக்குப் போங்க. நிர்வாகிகள் மாறினதைத் தெரிவிக்குற படிவம் 7ஐ மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கொடுத்து ஒப்புகை வாங்குங்க. ரசீது புக்கை வாங்குறப்ப கடைசியா எழுதின நம்பரையும், எழுதாத தாள் எத்தனைன்னும் எண்ணிப் பாத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.