11 மணி ரத்தம்

வணக்கம் நேயர்களே. மருந்தாளுநர் என்றதும், சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துத் தருபவர்தான் உங்கள் நினைவுக்கு வருவார். நான் வேலை பார்ப்பது ஐசியூவில். அங்கே எனக்குப் பெரும்பாலும் கணக்கு வேலைதான்.

வான்கோமைசின் என்று ஓர் ஆன்டிபயாடிக். 1958 முதல் புழக்கத்தில் இருப்பது. குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் சிறுநீரகம் கெடும். ஐசியூ நோயாளியின் உடலோ நாளுக்கு நாள் மாறும். ரத்தத்தில் கிருமி பரவியவருக்கு லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றியிருப்பார்கள். மருந்து அதில் நீர்த்துப்போகும். விபத்தில் அடிபட்டு வந்த இளைஞருக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக ஓடி மருந்தை வெளியே தள்ளிவிடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு டயாலிசிஸ். எல்லாருக்கும் ஒரே டோஸ் எப்படிச் சரிப்படும்? அதனால்தான் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம்.

முன்பெல்லாம் அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தம் எடுப்போம். கடுமையான தொற்று என்றால், லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு அது ஆபத்து என்று தெரிந்ததும், 2020இல் அமெரிக்க நிபுணர் அமைப்புகள் முறையை மாற்றச் சொல்லின. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியின் தொற்றுக்கு, 24 மணி நேரத்தில் உடம்பு கண்ட மொத்த மருந்தைக் கணக்கிட வேண்டும். அது (லிட்டருக்கு மில்லிகிராம் × மணி நேரம் என்ற கணக்கில்) 400க்கும் 600க்கும் நடுவே நிற்க வேண்டும். இது மனக்கணக்குக்கு அடங்காது. மென்பொருள் வந்தது இப்படித்தான். அதன் உள்ளே இருப்பது தாமஸ் பேயஸின் யோசனை. அவர் இறந்தபின் 1763இல் அச்சானது. தெரிந்ததை வைத்து ஊகி; புதுத் தகவல் வந்தால் ஊகத்தைத் திருத்து. அவ்வளவுதான்.

ஆனால் வந்த தகவலே தப்பாக இருந்தால்?

ஒருநாள் திரையில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் மருந்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. 8 மணிக்கு டோஸ், ஒன்றரை மணி நேரம் ஏறியிருக்கும், 11 மணிக்கு ரத்தம். மருந்து வெளியேறவே இல்லை, டோஸைப் பாதியாக்கு என்றது மென்பொருள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினோ முந்தைய நாள் இருந்தபடியே இருந்தது. எனக்கு ஒட்டவில்லை. கட்டிலருகே போனேன். "சார், 8 மணிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஒன்பதரைக்குத்தான் போட்டேன்" என்றார் நர்ஸ். மருந்து ஏற்றும் பம்பின் பதிவும் அதையேதான் காட்டியது. அதாவது, டிரிப் முடிந்த கையோடு, மருந்து உச்சத்தில் இருக்கும்போதே ரத்தம் எடுத்திருக்கிறார்கள்! பாதி டோஸ் கொடுத்திருந்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். 'கொடுத்தாயிற்று' என்று ஒரே ஒரு டிக் அடித்தால் கணினி 8 மணி என்றே எடுத்துக்கொள்ளும். உண்மையான நேரத்தைப் போட மூன்று திரைகள் தாண்ட வேண்டும். கையில் நாலு பம்ப் ஓடும்போது யார் தாண்டுவார்கள்? பம்பையும் பதிவேட்டையும் முதலில் இணையுங்கள் என்பேன் நான். அதை விட்டுவிட்டு எச்சரிக்கை மேல் எச்சரிக்கை சேர்க்கிறார்கள். ஒரு ஷிப்டில் வருவதில் பாதியை நாங்கள் படிக்காமலே மூடுகிறோம், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. முன்பு நான் டாக்டரிடம் வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஷிப்டுக்குள் காற்றோடு போய்விடும். இப்போது காரணத்தோடு பதிவில் நிற்கிறது. இரவுப் பணிக்கு வருபவரும் படிக்கிறார்.

அப்புறம், நேரத்தைத் திருத்திப் போட்டேன். டோஸை மாற்ற வேண்டாம் என்றது அதே மென்பொருள். மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்தோம். குழாயின் லேபிளில் அந்த நர்ஸ் எழுதியிருந்த நேரம் 10.52.