ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன் ஒரு பை ரத்தம்

எல்லோருக்கும் வணக்கம். நேரம் மாலை ஆறரை. மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் கோயில் மண்டபத்து வாசலில் நிற்கிறேன். பின்னால் நாற்காலி அடுக்கும் சத்தம் கேட்கிறதா? காலை பத்து மணிக்கு எங்கள் சங்கம் ஆரம்பித்த ரத்ததான முகாம் இப்போதுதான் முடிந்தது. பைகளை ஏற்றிய வண்டி சயான் பக்கம் போய்விட்டது. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து பேர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தேன்.

முகாம் தேதியைச் சொன்னதிலிருந்து பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மே மாத வெயில். பாதி சனம் ஊருக்குப் போயிருக்கும். இப்போது போய் யாராவது முகாம் வைப்பார்களா? ஜனவரி 26 இருக்கிறது, ஆகஸ்ட் 15 இருக்கிறது, தலைவர்கள் பிறந்தநாள் இருக்கிறது." அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் காணொலி. பாதி சனம் ஊருக்குப் போய்விடுகிறது என்பதால்தான் மே மாதத்தில் வைத்தோம்.

ஆறு வருடத்துக்கு முன், இதே மே மாதம். அப்பாவுக்குக் குடலில் ரத்தக் கசிவு. மும்பையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும், இருப்பு குறைவாக இருக்கிறது, ஆட்களை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் தம்பியும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தோம். சித்தப்பா சங்கரன்கோவில் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் இருந்தார். அவர் பேச்சை மீறிக்கொண்டு வில்லுப்பாட்டு கேட்டது. பெரியம்மா மகன் நாகர்கோவில் ரயிலில் சோலாப்பூரைத் தாண்டியிருந்தான். பக்கத்து வீடு பூட்டு, எதிர் வீடு பூட்டு. அன்று இரவு உடை எடுக்க வீட்டுக்கு வந்தபோது எங்கள் சந்தில் மட்டும் ஏழு பூட்டு எண்ணினேன். யாரையும் குறை சொல்ல முடியாது. வருடம் முழுக்கத் தோலும் தையலும் இட்லி வியாபாரமுமாகப் பாடுபடுகிறவர்கள், பள்ளி விடுமுறையில்தான் ஊர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தவர், அதுவரை நான் முகம் பார்த்திராத ஓர் அண்ணாச்சி. இந்தச் சங்கத்து உறுப்பினர். யாரோ சொல்லி, எப்படியோ தெரிந்து வந்தார். கொடுத்து முடித்து, தந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, "அப்பா எழுந்து உட்கார்ந்ததும் சொல் தாயி, வந்து பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். அடுத்த மாதமே நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

நம் சனம் ஊருக்குப் போவது மட்டும் காரணம் இல்லை. மும்பையில் முகாம்களில் ரத்தம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகளும் அலுவலகத்தில் இருப்பவர்களும். தேர்வு முடிந்து கல்லூரி மூடியதும் ரத்த வங்கிகளில் இருப்பு வற்றத் தொடங்கிவிடும். ஆனால் பிரசவத்துக்கு விடுமுறை உண்டா? விபத்துக்கு உண்டா? தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். மே மாதம் என்று சொன்னால் அந்தக் குழந்தையின் உடம்பு கேட்டுக்கொள்ளுமா?

சரி, ஜனவரியிலேயே நிறைய எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி என்று பிரிக்கிறார்கள். சிவப்பணுக்கள் குளிர்ப்பெட்டியில், பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். அதற்கு மேல் ஆகாது. தட்டணுக்கள் இன்னும் மோசம். 20-லிருந்து 24 டிகிரி வெப்பத்தில், தூளியில் போட்ட பிள்ளையைப் போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் 5 நாள்தான். உறையவைத்த பிளாஸ்மா மட்டும் ஒரு வருடம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜனவரி 26 அன்று எடுத்த சிவப்பணு மார்ச் இரண்டாம் வாரத்தைத் தாண்டாது. மே மாதத்துக்கு எங்கே வரும்?

அதனால்தான், ஒரே நாளில் ஊரெல்லாம் பந்தல் போட்டு ரத்தத்தைக் குவிப்பது எனக்கு உடன்பாடு இல்லை. கொடுப்பவர்களின் மனது பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் தேவைக்கு மேல் சேர்ந்தால் அதில் ஒரு பகுதி காலாவதியாகிவிடும். அதே ஆட்களை மூன்றாகப் பிரித்து மூன்று வேறு மாதங்களில் அழைத்தால் ஒரு பையும் வீணாகாது. எங்கள் சங்கத்துக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. "ஆகஸ்ட் 15-இல் வைத்தால் கூட்டம் வரும், மே மாதத்தில் யார் வருவார்?" என்று பெரியவர்கள் தயங்கினார்கள். இன்று முகாம் முடிந்ததும், முதலில் தயங்கிய பெரியப்பாவே வந்து என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

எப்படி ஆள் சேர்த்தோம் என்று சொல்கிறேன், மற்ற சங்கங்களுக்கும் பயன்படும். ஏப்ரல் மாதமே சந்து சந்தாகப் போய், யார் வீட்டில் என்றைக்கு டிக்கெட் என்று எழுதிக்கொண்டோம். கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு நாள் இருப்பவர்களை மட்டும் அழைத்தோம். ரத்தம் கொடுத்த கையோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாதரில் ரயில் பிடிக்க ஓடக் கூடாது. அம்மன் கொடைத் திருவிழாவுக்காக விரதம் இருப்பவர்களையும் விட்டுவிட்டோம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுப்பது தவறு. "அம்மனுக்காக இருக்கும் விரதம், ஒன்றும் ஆகாது" என்று ஒரு மதினி வாதாடினார். ஊரிலிருந்து திரும்பியதும் முதல் ஆளாக உங்களைத்தான் அழைப்போம் மதினி என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது இன்றைய நாளில் என் மனதில் நிற்கிற இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அந்த நீலத் தண்ணீர். நுழைந்ததும் முதல் மேசையில் சிறு கண்ணாடிக் குவளையில் நீலமாக ஒரு திரவம் இருக்கும். காப்பர் சல்பேட் கரைசல், நம் ஊரில் மயில்துத்தம் என்போமே, அதுதான். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுகிறார்கள். சொட்டு உள்ளே இறங்கும். நடுவில் ஒரு கணம் தயங்கி நிற்கும். 15 விநாடிக்குள் அடியில் போய் உட்கார்ந்தால், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, கொடுக்கலாம். மிதந்தால் திரும்பிப் போக வேண்டும். கனமான ரத்தம் மூழ்கும், வெளுத்த ரத்தம் மிதக்கும், அவ்வளவுதான் கணக்கு. வந்த ஆண்களில் ஓரிருவருக்குத்தான் மிதந்தது. பெண்களில் பாதிப் பேருக்கு மேல் மிதந்தது. வரிசையில் நின்று, முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்ன குறை?" என்று கேட்ட அக்காமார்களுக்குப் பதில் சொல்வதுதான் இன்று எனக்குக் கடினமாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிச்சத்தைத் தின்கிற உடம்பு அது. ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கே ரத்தம் போதவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் சொட்டும் மிதந்தது. மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து ஒன்று சொன்னார்: அதை டீயோடு விழுங்காதே, எலுமிச்சைச் சாறோடு சாப்பிடு. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சை சேர்க்கும். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டீ குடிப்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இருக்கிற வழக்கம். அதை விட்டேன், முருங்கைக்கீரையை விடாமல் சேர்த்தேன். எட்டு மாதம் கழித்து என் சொட்டு மூழ்கியது. அன்று கொடுத்ததுதான் என் முதல் பை. இன்று நான்காவது. சொட்டு மிதந்த அக்காமார் பெயர்களை எல்லாம் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற வாரம் மாநகராட்சி மருந்தகத்துக்கு அவர்களை அழைத்துப் போகிறோம். என்னைக் கேட்டால், இன்று நிரம்பிய பைகளைவிட அந்த நோட்டுதான் முகாமின் பெரிய லாபம்.

இரண்டாவது, இட்லி அண்ணாச்சி. சைக்கிளில் இரண்டு பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு வடா, இட்லி விற்பவர். பதினொரு மணிக்கு வியாபாரம் முடிந்து நேராக வந்தார். எடை சரி, சொட்டு கல் மாதிரி இறங்கியது. மருத்துவர் இந்தியில் கேட்டார்: "இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" அண்ணாச்சி நேர்மையாக, "பதினொன்றுக்குப் படுத்தேன், இரண்டு மணிக்கு மாவு எடுத்து ஊற்ற எழுந்துவிட்டேன்" என்றார். முடியாது என்றுவிட்டார் மருத்துவர். சரியாகத் தூங்காதவர்களிடம் ரத்தம் எடுக்கக் கூடாது, மயக்கம் வரும். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மனம் நொந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். மாலை ஐந்து மணிக்குத் தலை சீவி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கிறார். "நாலு மணி நேரம் தூங்கினேன், சாப்பிட்டேன், இப்போது எடுங்கள்." இன்று கடைசியாக நிரம்பிய பை அவருடையதுதான். அடுத்த முகாமை இப்படிப்பட்டவர்களுக்காக மாலையில்தான் வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

நடுவில் ஒரு பாட்டி கேட்டார்: "பம்பாய் ரத்தம் என்று ஒரு வகை உண்டாமே, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் அதுதானா?" அப்படி இல்லை பாட்டி. 1952-இல் டாக்டர் பெண்டேயும் உடனிருந்தவர்களும் இந்த நகரத்தில் அதைக் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். நம் நாட்டில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். சாதாரணச் சோதனையில் 'ஓ' என்றே காட்டும். ஆனால் அவர்களுக்கு 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதே வகைதான் வேண்டும். ரத்தம் கொடுக்கும்போது வங்கியில் முழுதாகச் சோதிப்பதால், தனக்கு இந்த வகை என்று அறியாத ஒருவருக்கும் அது தெரியவரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டான். அவன்மேல் கோபம் வரவில்லை, தேவை இருக்கும். ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும் நாட்டில் தடை. அவனை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தோம். வேலைக்கு ஆள் தேவைப்படும் ஒரு தையற்கூடத்தை நம் அண்ணன் ஒருவர் சொல்லி அனுப்பினார்.

சங்கத்தின் மற்றச் செய்திகள் சுருக்கமாக. ஜூன் நடுவில் பள்ளி திறக்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று, அட்டை போடக் கை வேண்டும். மோர்ப்பந்தல் மழை வரும்வரை நடக்கும்.

அடுத்த முகாம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, மாலை மூன்று மணி முதல். ஏன் அந்தத் தேதி? இன்று கொடுத்த ஆண்கள் 90 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆகஸ்ட் கடைசிக்குள் அந்த 90 நாள் முடிந்துவிடும். பெண்களுக்கு 120 நாள், ஆகவே என்னைப் போல் இன்று கொடுத்தவர்கள் அப்போது உதவிக்கு மட்டும் வாருங்கள். மழைக்காலத்தில் டெங்கு ஏறும். டெங்குவில் தட்டணுக்கள் குறைவதால், அவற்றைக் கேட்டு மருத்துவமனைகளில் அலைவார்கள். அதுவோ 5 நாள் சரக்கு. ஆகஸ்ட் 15-க்கான பந்தல்கள் எல்லாம் முடிந்த பிறகு நாம் ஆரம்பிப்போம். வயது 18-லிருந்து 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மலேரியா வந்தவர்கள் குணமாகி மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பச்சை குத்தியவர்கள் ஒரு வருடம்.

எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, முறை வைத்து ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் கூடுகிறோம். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய சங்கம் இப்படி ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுற்றி வந்ததால்தான் ரோட்டரி என்று பெயர் பெற்றது. எங்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை, ஆனால் இந்த வழக்கம் நல்லது. யார் படுத்திருக்கிறார், எந்த வீட்டுப் பெண் மெலிந்திருக்கிறாள் என்பது வீட்டுக்குள் போனால்தான் தெரியும்.

அடுத்த கூட்டம் ஞாயிறு மாலை, இட்லி அண்ணாச்சி வீட்டு மாடியில். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார், இன்றுதான் உறுப்பினர் ஆனார். ஏணி செங்குத்தாக இருக்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வாருங்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம், அவர் இரண்டு மணிக்கு எழ வேண்டும்.